பழைய டிராக்டரின் ஆயுளை எதை வைத்து அளப்பது?

திருவண்ணாமலை நகரிலிருந்து வேலூர் சாலையில் புறப்பட்டால் ஊர் முடிவதற்குள் வேங்கிக்கால் வந்துவிடுகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். வேளாண் கருவிகளுக்கான மானியம், குறைதீர்வு நாள் மனு என்று மாவட்டத்து விவசாயிகள் இந்தப் பக்கம் வரக் காரணங்கள் உண்டு. அந்தக் காகிதங்களில் எழுதப்படும் டிராக்டர் பெரும்பாலும் புதியது. போளூர், கலசப்பாக்கம், செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்து நெல் வயலிலும் மணிலாக் கொல்லையிலும் ஓடுபவை எல்லாம் அப்படியல்ல. இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்து, இரண்டு மூன்று கை மாறி, ஒருமுறையேனும் எஞ்சின் இறக்கி வேலை பார்க்கப்பட்ட வண்டிகளும் உழவில் இருக்கின்றன.

இவற்றை வைத்து எழும் கேள்வி எளிதாகத் தோன்றும். பழுது பார்த்து எதுவரை ஓட்டுவது, எப்போது கைமாற்றிவிடுவது? பார்ப்பதென்றால் நாள் குறித்துப் பார்ப்பதா, கெட்ட பிறகு பார்ப்பதா, ஒரேயடியாகப் பிரித்து எல்லாவற்றையும் புதிதாக்குவதா? வேளாண் பொருளியலாளர்கள் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். விமானப்படைக்கு வேலை செய்த விஞ்ஞானிகள் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். பழம்பொருள் காப்பாளர்களும் நுகர்வோர் உரிமைக்காரர்களும் சட்டமன்றங்களும் பின்னால் வந்து சேர்ந்தன. விடைகள் மோதிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், ஒவ்வொருவர் மனத்திலும் இருந்த டிராக்டர் வேறு, அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு என்பதாகத் தெரிகிறது.

எந்த வண்டியைப் பற்றிய பேச்சு

இந்தியாவில் செய்யப்பட்ட முதல் டிராக்டர் 1959 ஏப்ரல் 24 அன்று ஃபரிதாபாத்தின் ஐஷர் ஆலையிலிருந்து வெளிவந்தது. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட ஜெர்மானிய வடிவம் அது. மறு ஆண்டே சென்னையில் டாஃபே நிறுவப்பட்டு, மாஸி ஃபெர்குசன் வடிவங்களைச் செய்யத் தொடங்கியது. 1963இல் மகிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் கூட்டுச் சேர்ந்தன. 1971இல் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டர் வழியில் பிஞ்சோரில் எச்எம்டி டிராக்டர் வந்தது. 1974இல் வந்த ஸ்வராஜ், துர்காப்பூர் அரசு ஆய்வுக்கூடத்தில் வரையப்பட்ட உள்நாட்டு வடிவம்.

இவற்றுள் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது மாஸி 1035. சென்னைச் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வடிவத்தில் செய்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் வழிவந்த குடும்பம் அது. மூல எஞ்சின் 152 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.5 லிட்டர். இங்கிலாந்தில் இதே 35 வரிசை முதலில் வேறொரு நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு வந்து, குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் பெயரைக் கெடுத்துக்கொண்டது. பெர்கின்ஸ் எஞ்சின் வந்த பிறகுதான் அந்த வண்டிக்கு மதிப்பு கூடியது.

இந்த வடிவத்தின் இரண்டு குணங்கள் பின்னால் வரும் விவாதம் முழுவதற்கும் தேவைப்படும். முதலாவது, லாரிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகிய மூன்றும் போல்ட்டால் இறுக்கப்பட்டு அவையே முதுகெலும்பாகின்றன. ஆகவே ஒரு கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றாலும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். இரண்டாவது, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் பின் அச்சுக்குள்ளேயே, கியர்கள் புரளும் அதே ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. சேற்று நீர் ஒரு ஆயில் சீல் வழியாக உள்ளே போனால் கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே நேரத்தில் கேடு. ஹாரி ஃபெர்குசன் 1920களில் இந்த முறையை வகுத்தபோது அவர் கண்முன் இருந்தது அயர்லாந்தின் உழவு நிலம். கேஜ் வீல் மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நாள் முழுவதும் புரளும் நெல் வயல் அல்ல.

மணிக்கணக்கு

டிராக்டர் வேண்டுமா என்பதே 1970களில் பெரிய விவாதமாக இருந்தது. தெற்காசியாவில் டிராக்டர் விளைச்சலைக் கூட்டுவதைவிட மாட்டின் வேலையை மாற்றீடு செய்வதே அதிகம் என்று பொருளியலாளர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் 1978இல் வெளிவந்த தம் ஆய்வில் வாதிட்டார். இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் அடங்கியிருந்த அன்றைய வட ஆர்க்காடு, பசுமைப் புரட்சியை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்த இடம். கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களிலும், பொருளியலாளர்கள் ஹேஸல், ராமசாமி ஆகியோர் பின்னரும் இங்கே வேலை செய்தார்கள். அந்தக் காலத்து விவாதத்தில் டிராக்டர் ஒரு முதலீட்டுத் தொகையாகவே அதிகம் தோன்றுகிறது. வாங்கிய பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பது ஓரத்தில் நின்றது.

அந்த ஓரத்தை நிரப்பியது அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் கணக்கு. இருசக்கர இயக்க டிராக்டரின் ஆயுள் 12,000 மணி நேரம் என்று அது கொள்கிறது. அதுவரையான மொத்தப் பழுதுச் செலவு புது வண்டியின் விலைக்குச் சமமாகும். வளர்ச்சி நேர்கோட்டில் அல்ல, மணி நேரத்தின் வர்க்கத்தில். முதல் 1000 மணியில் விலையில் 0.7 விழுக்காடுதான் செலவு. 5000 மணி முடியும்போது 17.5 விழுக்காடு. 10,000இல் 70 விழுக்காடு. அதற்கடுத்த 1000 மணிக்கு மட்டும் ஏறக்குறைய 15 விழுக்காடு விழுகிறது. இந்தியக் கணக்குகளில் 10 ஆண்டு அல்லது 10,000 மணி என்று ஆயுளை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆண்டுக்கு 1000 மணி வேலை என்பது அதற்குள் அடங்கிய அனுமானம்.

கோட்பாடாக இது தெளிவானது, வங்கிக்கும் பயன்படும். ஆனால் ஆண்டுக்கு 300 மணி நேரம் மட்டும் ஓடும் வண்டி 10,000 மணியை எட்ட 33 ஆண்டு ஆகும். ஆண்டுக் கணக்கில் அது செத்து இருபத்து மூன்று வருடம், மணிக் கணக்கில் இப்போதுதான் முதுமை. எந்தக் கணக்கை நம்புவது? மணியையும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. பழைய வண்டிகளின் மீட்டர் எஞ்சின் சுற்றை எண்ணி அதை மணியாகக் காட்டுவது. குறைந்த வேகத்தில் ஓடினால் கடிகாரத்தில் ஒரு மணி ஆனாலும் மீட்டரில் ஆகாது. கேபிள் அறுந்து முள் நின்றுபோனால் அதன் பிறகு எல்லாமே வாய்வழி வரலாறு.

இந்தக் கணக்கின் பெரிய பலவீனம் வேறொன்று. அமெரிக்காவில் மெக்கானிக்கின் கூலி அதிகம், ஸ்பேர் எளிதில் கிடைக்கும். இங்கே கூலி குறைவு. ஸ்பேரின் தரம்தான் தலைவலி. செலவின் சேர்மானமே மாறும்போது வளைகோடு மட்டும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வண்டி நின்றுபோவதால் வரும் நஷ்டமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆடிப்பட்டத்தில் மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாலு நாளில், வாடகைக்கு உழுபவரின் வண்டி நின்றால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும். சொந்தக் கொல்லைக்கு மட்டும் வைத்திருப்பவர் அக்கம்பக்கத்து வண்டியை மணிக்கு இவ்வளவு என்று அழைத்துக்கொள்ளலாம். ஒரே வயதுள்ள இரண்டு 1035களுக்கு இரண்டு கைகளில் இரண்டு ஆயுள் இருப்பது இதனால்தான். மணிக்கணக்குக்காரர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளத் தவறினார்கள் என்பது முழுக்கச் சரியல்ல. காலதாமதச் செலவு என்ற பெயரில் அது அவர்கள் நூல்களில் உண்டு. நடைமுறைக் கணக்கில்தான் முதலில் கழற்றிவிடப்படுகிறது.

நாள் குறிப்பதா, தொடாமல் விடுவதா

டிராக்டரோடு வரும் கையேடு தினமும், 50 மணிக்கு, 250 மணிக்கு என்று வேலைகளை வகுத்துச் சொல்லும். ஆயிலைப் பார், கிரீஸ் அடி, ஃபில்டரை மாற்று, டேப்பட் இடைவெளியைச் சரிசெய். பட்டறை மரபோ ஓடுகிற எஞ்சினைத் தொடாதே என்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்தவர் உயிரியலாளர் சி. எச். வாடிங்டன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் அவரும் தோழர்களும் பார்த்தது இது: ஒவ்வொரு 50 மணி நேரப் பரிசோதனைக்குப் பிறகும் பழுதுகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின, பின்னர் மெல்லத் தணிந்தன. பரிசோதனையே சில பழுதுகளை உண்டாக்கியது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலனும் ஹீப்பும் வெளியிட்ட அறிக்கை இன்னும் அழுத்திச் சொன்னது. அவர்கள் பார்த்த விமான உதிரிபாகங்களில் வயதாக ஆகத் தேய்ந்து பழுதாகும் போக்கைக் காட்டியவை 11 விழுக்காடே. 68 விழுக்காடு, பொருத்திய புதிதில்தான் அதிகம் கெட்டன.

இதை அப்படியே வயலுக்குக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டு. விமானத்தில் மின்னணுப் பாகங்கள் அதிகம்; அவை தேய்வதில்லை, திடீரென்று சாகும். பழைய டிராக்டரில் பெரும்பகுதி ஒன்றோடொன்று உரசும் இரும்பு. செம்மண் கொல்லையில் உழும்போது கிளம்பும் தூசியை ஆயில் குளியல் ஏர் கிளீனர்தான் தடுக்க வேண்டும். அதன் கிண்ணத்தில் ஆயில் வற்றினாலோ, ரப்பர் குழாய் விரிசல் விட்டாலோ மண்துகள் நேரே சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த வகைத் தேய்மானத்துக்கு நாள் குறித்த பராமரிப்பு பொருந்தும். அதன் செலவும் சொற்பம். மறுபுறம், நன்றாக ஓடும் பம்பைக் கழற்றித் திறப்பதில் வாடிங்டனின் எச்சரிக்கை அப்படியே செல்லும். இரு கட்சிகளும் ஒரே வண்டியின் வெவ்வேறு பாகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

பட்டறையில் நடப்பது

இவ்விரண்டுக்கும் வெளியே மூன்றாவது அறிவு ஒன்று இருப்பதை ஆய்வுலகம் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹார்ப்பர் 1987இல் வெளியிட்ட நூல், நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் கார்களையும் பண்ணை இயந்திரங்களையும் பழுது பார்த்த ஒரே ஒரு சிறு பட்டறையைப் பற்றியது. கையேட்டில் இல்லாத அறிவு கைக்கும் காதுக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பது அதன் பொருள். வரலாற்றாளர் டேவிட் எட்ஜர்டன் 2006இல், தொழில்நுட்ப வரலாறு புதுக்கண்டுபிடிப்புகளையே பார்த்துக்கொண்டு பராமரிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்று வாதிட்டார்.

நம் ஊர்ப் பட்டறையில் இந்த அறிவின் முதல் பாடம் புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: நாசில், ஏர் கிளீனர், சுமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு கைடு. சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பலமுறை ‘எஞ்சின் போச்சு’ என்று கொண்டுவரப்படும் வண்டிக்குத் தேவைப்படுவது டீசல் லைனில் புகுந்த காற்றை எடுப்பதும் ஒரு செம்பு வாஷரும் மட்டுமே. எஞ்சினை இறக்கும் முடிவை அவசரப்பட்டு எடுப்பதே பழைய வண்டிக்கு நேரும் பெரும் செலவு.

இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் வேலை பல கைகளுக்குப் பிரிகிறது. பெர்கின்ஸ் வழி எஞ்சினில் இருப்பது உலர் லைனர். பழையதை அழுத்தித் தள்ளிவிட்டுப் புதியதை இறுக்கமாக ஏற்றி, அளவுக்குக் கடைய வேண்டும். கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்டிங் பட்டறைக்கு அனுப்பி, ஒரு படி குறைத்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். ஒவ்வொரு முறை கடையும்போதும் அடுத்த முறைக்கான இரும்பு குறைகிறது. கடைசி அளவை எட்டிவிட்டால் புது கிராங்க்தான். பம்பும் நாசிலும் கேலிபரேஷன் செய்பவரிடம் போகும். இவர்களில் ஒருவர் கை விட்டாலும் மற்றவர்கள் வேலை வீண். ஆகவே ஒரு பழைய டிராக்டர் எவ்வளவு நாள் ஓடும் என்பதற்கு நல்ல அறிகுறி, அதன் வயதைவிட, அது நிற்கும் ஊரிலிருந்து நம்பகமான லேத்தும் பம்ப் அறையும் எவ்வளவு தொலைவு என்பதே என்று சொல்லத் தோன்றுகிறது. திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகரை ஒட்டிய கிராமத்துக்கு இதில் இருக்கும் வசதி ஜவ்வாது மலையடிவாரத்துக்கு இல்லை.

ஸ்பேரின் கதை இன்னும் சிக்கலானது. எச்எம்டியின் டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அவற்றைச் செய்த பிரிவே மூடப்பட்ட பிறகும் அந்த வண்டிகள் ஓடுவதற்குப் பஞ்சாப் போன்ற இடங்களில் உள்ள சிறு ஆலைகளின் உதிரிபாகங்கள் பெருந்துணை. டூப்ளிகேட் என்ற ஒரே சொல்லால் இவற்றையெல்லாம் வைவது நியாயமல்ல. கம்பெனிக்கே சப்ளை செய்யும் ஆலையின் சரக்கும், போலி முத்திரை குத்திய மெல்லிய வார்ப்பும் ஒரே கடையின் ஒரே அலமாரியில் இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறியும் வழி வாங்குபவருக்கு ஏறக்குறைய இல்லை. மெக்கானிக்கின் அனுபவம்தான் சோதனைச்சாலை.

எரிபொருள் மாறியதும் புது வாதத்தைக் கிளப்பியிருக்கிறது. 1990களில் நம் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் ஆயிரக்கணக்கான பங்கு. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் 10 பங்கு. பெர்கின்ஸ் வழி எஞ்சின்களில் பரவலாக வந்த ரோட்டரி பம்புக்கு டீசலே மசகு எண்ணெய். கந்தகத்தை நீக்கும் முறை டீசலின் வழுவழுப்பையும் குறைக்கும் என்பது உண்மை. அதை ஈடுகட்டச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்மானம் கலக்கிறார்கள், வழுவழுப்புக்குத் தர வரம்பும் உண்டு. பழைய ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிக் கசிவது 1990களில் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. ஆகவே பம்ப் கசிந்தால் சீல் மாற்றுவது நியாயம். டேங்கில் கைக்கு வந்த எண்ணெயைக் கலப்பதற்கு அதே அளவு நியாயம் இல்லை.

அசல் நிலை என்னும் ஆசை

மேற்கே பழைய டிராக்டரைப் பழுது பார்ப்பவர்களில் ஒரு பெரும் பகுதி அதை உழவுக்காகச் செய்வதில்லை. பிரிட்டனில் 1965இலேயே அதற்குத் தேசிய அளவில் சங்கம் வந்துவிட்டது. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், கழித்துக்கட்டிப் புதிதாக்குவதைவிட இருப்பதைக் காப்பதே மேல் என்கிறது. இந்தியச் சட்டமும் இந்தத் திசையில் ஒரு அடி வைத்தது: 2021 ஜூலையில் வந்த விதி, 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் தனிப் பதிவு வரிசை கொடுத்தது. டிராக்டர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும் உழவனுக்கு உதவியிராது. அந்த விதியின்படி பழைமை என்பது வேலை செய்யாமல் இருப்பதற்கான சலுகை. மூன்று முறை சிலிண்டர் கடைந்து, வேறு மாடல் ஸ்டார்ட்டர் மாட்டிய 1035 அதில் நுழைய முடியாது.

உரிமை என்ற புதுச் சொல்

அண்மைய விடை பழுது பார்க்கும் உரிமை. கணினி பூட்டிய டிராக்டர்களை உரிமையாளரே சரிசெய்ய முடியாமல் போனதால் அமெரிக்காவில் எழுந்த இயக்கம் அது. கொலராடோ மாநிலம் 2023இல் பண்ணைக் கருவிகளுக்கென்றே சட்டம் இயற்றியது. இந்திய நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் நான்கு துறைகளில் வேளாண் கருவியும் ஒன்று. கணினி இல்லாத பழைய வண்டிக்கு இதனால் ஒரு மரியாதை கிடைத்தது. ஆனால் இங்குள்ள தடை மென்பொருள் அல்ல. புதிய மாசு விதி 2023 ஜனவரியில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான் வந்தது. 1035 வகையை அது தொடவில்லை. இங்குள்ள தடையைக் காட்ட வரிப்பட்டியல் போதும். 2017 முதல் 2025 செப்டம்பர் வரை முழு டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காடு. அதன் முக்கிய உதிரிபாகங்களுக்கும் டயருக்கும் 18. புதிதாய் வாங்குவதற்குச் சலுகை, பழையதைச் சரிசெய்ய அபராதம் என்று எட்டு ஆண்டு நடந்தது. இப்போது இரண்டும் 5. உரிமைச் சட்டத்தைவிட இந்த மாற்றம் பட்டறைகளில் அதிகம் உணரப்படக்கூடும்.

தீராதவை

எல்லா விடைகளும் சேர்ந்து தொடாமல் விட்ட ஒன்று பாதுகாப்பு. பழைய வண்டி ஓடுகிறதா என்று கேட்கிறோம். அதன் பிரேக் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பிடிஓ ஷாஃப்டின் மூடி இருக்கிறதா, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் வளைவு உண்டா என்று கேட்பதில்லை. ஸ்வீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்கு அந்த வளைவைக் கட்டாயமாக்கி, கவிழ்ந்து சாகும் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தது. எஞ்சினுக்கு முழு வேலை பார்த்த வண்டியில் இவற்றையும் சேர்த்தால் மணிக்கணக்கு எப்படி மாறும் என்பது திறந்த கேள்வி.

வேலையின் மாற்றம் இன்னொன்று. 35 குதிரைத்திறன் வண்டி கலப்பைக்கும் டிரெய்லருக்கும் வரையப்பட்டது. இன்று அதன் பின்னால் ரோட்டவேட்டர் மாட்டுகிறார்கள். பிடிஓ வழியாக எஞ்சின் நாள் முழுவதும் முழுச் சுமையில் நிற்கிறது. தேய்மானம் வயதால் வந்ததா, ஒவ்வாத கருவியால் வந்ததா என்று பிரித்துச் சொல்லும் தரவு வேண்டும். சிறிய அகலக் கருவியோடு பழைய வண்டி லாபகரமாக நீடிக்கலாம் என்பது இப்போதைக்கு நியாயமான ஊகம், அவ்வளவே.

தரவுக்கு ஒரு இடம் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை தன் டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதால், ஓடிய மணியும் பழுதும் பதிவேட்டில் ஏற வேண்டியவை. அவற்றை மாவட்டவாரியாக, மண்வாரியாக அலசினால் அமெரிக்க வளைகோட்டுக்கு ஒரு உள்ளூர் மாற்று கிடைக்கலாம். ஆனால் அவை ஒப்பீட்டில் புதிய வண்டிகள். துறை நியமித்த ஆட்கள் ஓட்டுபவை. முப்பது ஆண்டு ஓடிய வண்டியின் கணக்கு தனியார் பட்டறைகளின் பில் புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது, பல சமயம் பில்லே இல்லாமல். அதைச் சேர்க்கும் வேலையை இன்னும் எந்தக் கட்சியும் தொடங்கியதாகத் தெரியவில்லை.